ஆட்டோ ஸ்பீக்கரா, வாட்ஸ்அப் குரூப்பா, தெருமுனைக் கூட்டமா?

போன மாதம் ஒரு நாள், காலை பதினோரு மணி இருக்கும். கூரையில் இரண்டு புனல் ஸ்பீக்கர் கட்டிய ஆட்டோ ஒன்று எங்கள் தெருவுக்குள் வந்தது. "பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு" என்று தொடங்கியது நன்றாகவே கேட்டது. அதற்குள் மெயின் ரோட்டில் ஒரு கண்டெய்னர் லாரி ஏர் ஹாரனை அழுத்திக்கொண்டு போனது. "நகைகளை அணிந்து..." மறுபடி லாரி. "சந்தேகத்துக்கு இடமான..." அடிபம்பின் கிறீச். ஆட்டோ முனை திரும்பிவிட்டது. பம்படியில் குடத்தை வைத்துக்கொண்டிருந்த பாட்டி என் கடைப் பக்கம் திரும்பிக் கேட்டார்: "இன்னா சொல்ட்டுப் போறான்பா? நாளைக்கு லாரித் தண்ணி வராதாமா?"

நான் வடசென்னையில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருப்பவன். வார்டு எண்ணைச் சொன்னால் கவுன்சிலருக்குச் சங்கடம், விட்டுவிடுகிறேன். எங்கள் பக்கத்து ரயில்வே சுரங்கப்பாதையில் பத்து நாளில் இரண்டு செல்போன் பறிப்பு நடந்தது. குடியிருப்போர் சங்கத்துக்காரர்கள் நான்கைந்து பேர் போய்க் கேட்டோம். கவுன்சிலர் அம்மா பொறுமையாகத்தான் பேசினார். "ஆட்டோ விடணுமா, வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிக்கணுமா, ஸ்டேஷன்ல சொல்லி மாசா மாசம் கூட்டம் போடணுமா? எது வோணும்னு நீங்களே பேசி எழுதிக் குடுங்க. எல்லாம் பண்றதுக்கு ஆளும் இல்ல, காசும் இல்ல" என்றார். எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. மனு எழுதிக் கொடுப்பவன் நான்தானே. சங்கத்துக்குக் கொடுத்த குறிப்பையே கொஞ்சம் விரித்து இங்கே தருகிறேன். மற்ற வார்டுக்காரர்களுக்கும் இதே கேள்வி வரும்.

ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிவிட வேண்டும். நம் ஊரில் குற்றத்தைப் பற்றி மக்களிடம் பேச வேண்டியவர் யார் என்பதே இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. காவல்துறை மாநில அரசின் உள்துறைக்குக் கீழே வருகிறது. ஆணையர் அலுவலகம் வேப்பேரியில். மாநகராட்சி ரிப்பன் மாளிகையில். மேயர் பிரியா வடசென்னைக்காரர்தான், திரு.வி.க. நகர்ப் பக்கம் 74ஆவது வார்டிலிருந்து வந்தவர். ஆனாலும் அவரால் ஓர் இன்ஸ்பெக்டருக்கு உத்தரவு போட முடியாது. அமெரிக்காவின் சிகாகோவில் காவல்துறைத் தலைவரை மேயர் நியமிக்கிறார், கொலை நடந்தால் மைக் மேயர் முன்னால்தான் நீளும். இங்கே சுரங்கப்பாதையில் விளக்கு எரியவில்லை என்றால் அது மாநகராட்சி. அந்த இருட்டில் போனைப் பறித்தால் அது போலீஸ். கவுன்சிலரிடம் போனால் "ஸ்டேஷன்ல சொல்லுங்க", ஸ்டேஷனில் கேட்டால் "லைட்டு எங்க வேலை இல்லீங்க". இரண்டு பக்கமும் பொய் இல்லை. நாம்தான் நடுவில் நிற்கிறோம்.

ஆகவே எந்த வழியை எடுத்தாலும் நான் கேட்கிற கேள்வி இரண்டுதான். இந்த இரண்டு பேரையும் அது ஒரே இடத்தில் உட்கார வைக்குமா? போன முறை சொன்னது என்ன ஆயிற்று என்று நமக்குத் திரும்பி வந்து சொல்லுமா? எச்சரிக்கைக்கு இங்கே பஞ்சமில்லை. ஜாக்கிரதையாக இரு என்று வியாசர்பாடியிலோ காசிமேட்டிலோ பிறந்த பெண்ணுக்கு யாரும் ஸ்பீக்கர் வைத்துச் சொல்ல வேண்டியதில்லை, அது அம்மா சொல்லி வளர்த்தது.

மேல்மட்டப் பேச்சை, அதாவது பெரிய அதிகாரிகள் பத்திரிகைக்காரர்கள் முன்னால் பேசுவதை, ஒரு வழியாகவே எடுத்துக்கொள்ளக் கூடாது என்று சங்கத்தில் சிலர் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, அதுவும் ஒரு வழிதான். 2024 ஜூலை 5 அன்று பெரம்பூரில் பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் கொல்லப்பட்டார். மூன்று நாளில் சென்னைக் காவல் ஆணையர் மாற்றப்பட்டு அருண் பொறுப்பேற்றார். ரவுடிகளுக்குப் புரிகிற மொழியில் சொல்லிக் கொடுப்போம் என்ற பொருளில் அவர் பேசியது எல்லாச் சேனலிலும் ஓடியது. அன்று என் கடையில் இரண்டு விதமான முகம் பார்த்தேன். பக்கத்து மளிகைக் கடைக்காரருக்கு நிம்மதி. ஹவுசிங் போர்டு அக்கா ஒருவருக்குக் கவலை. அவர் மகனுக்கு வயது பத்தொன்பது, ராத்திரி கூரியர் குடோனில் வேலை முடித்து வண்டியில் வருபவன். "எங்க பசங்கள எல்லாம் ஒரே மாதிரி பாப்பாங்களே சார்" என்றார். அந்தப் பேச்சு யாரை நோக்கியது என்று யோசித்தால் விஷயம் புரியும். அது ரவுடிகளிடம் பேசியது, ஊரிடமும் பத்திரிகையிடமும் பேசியது. எங்கள் சுரங்கப்பாதையைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இருக்க முடியாது. குறை சொல்லவில்லை. அந்த மேடையின் வேலை வேறு.

கேமராவும் இப்படித்தான். விஸ்வநாதன் ஆணையராக இருந்தபோது 'மூன்றாவது கண்' என்று ஊரெல்லாம் சிசிடிவி வைத்தார்கள், பிடிப்பதற்கு அது உதவுகிறது. ஆனால் எந்தக் கூட்டத்தில் எதைக் கேட்டாலும் "கேமரா வைக்கிறோம்" என்பதே பதிலாகிவிட்டது. கேமரா நம்மைப் பார்க்கும், நம்மிடம் பேசாது.

சரி, வாட்ஸ்அப். சங்கத்தில் பாதிப் பேருக்கு மேல் இதற்குத்தான் கை தூக்கினார்கள். காசு செலவில்லை, நொடியில் போய்ச் சேரும், ஒரு குரூப்பில் 1,024 பேர் வரை சேர்க்கலாம், இரண்டு மூன்று பிளாக் அடங்கிவிடும். நானும் முதலில் அதற்குத்தான் ஆதரவு. ஏற்கெனவே ஒரு தெரு குரூப் இருந்தது, அதில் நடந்ததைப் பார்த்த பிறகு மாறிவிட்டேன்.

ஒரு சாயங்காலம் அந்தக் குரூப்பில் ஒரு படம் விழுந்தது. மதில் ஓரமாக ஒரு பையன், கறுப்பு டீஷர்ட், தலைமுடியில் செம்பட்டைக் கலர், கையில் போன். கீழே ஒரு வரி: 'ரொம்ப நேரமா நிக்கிறான், உஷார்.' பத்து நிமிஷத்தில் நாற்பது பதில். ஒருவர் வட்டம் போட்டு முகத்தைப் பெரிதாக்கினார். இன்னொருவர் போன வாரம் பறித்தவனும் இதே உயரம்தான் என்றார். அவன் கேன் தண்ணீர் போடுகிற பையன். மூன்றாவது மாடி வீட்டில் ஆள் இல்லை, வந்ததும் இறக்கலாம் என்று நின்றிருக்கிறான். படத்தின் ஓரத்தில் அவன் ட்ரை சைக்கிளின் சக்கரம்கூடத் தெரிகிறது. நாற்பது பேரில் ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. அப்புறம் படத்தை அழித்தார்கள். ஆனால் அது வேறு எத்தனை குரூப்புக்குப் போனது என்று யாருக்குத் தெரியும்? அந்தப் பையன் இப்போது எங்கள் தெருவுக்குக் கேன் போடுவதில்லை.

இது சின்ன விஷயம் என்று தோன்றினால் 2018 மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். பிள்ளை பிடிப்பவர்கள் சுற்றுகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியால் திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்குக் குடும்பத்தோடு வந்த ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். அதே நாட்களில் நமக்கு வடக்கே கூப்பிடு தூரத்தில் இருக்கிற பழவேற்காட்டில் ஓர் ஆளைக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். நாடு முழுக்க இப்படி உயிர்கள் போன பிறகுதான் ஒரு செய்தியை ஐந்து பேருக்கு மேல் ஒரே நேரத்தில் ஃபார்வர்ட் பண்ண முடியாதபடி அந்த நிறுவனம் இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. எல்லாரும் எல்லாரையும் பற்றி எழுதுகிற குரூப்புக்கு கவுன்சிலர் பெயரையோ ஸ்டேஷன் பெயரையோ வைத்தால், அதில் வருகிற வதந்திக்கும் சீல் குத்தினது போல ஆகிவிடும்.

இன்னொன்று, குரூப்பில் இருப்பது யார்? பம்படியில் நின்றிருந்த பாட்டியிடம் இருப்பது பட்டன் போன். பல வீட்டில் ஒரே ஸ்மார்ட்போன், அது பையன் கையில். குரூப்பில் சத்தமாகப் பேசுவது வாடகைக்கு விட்டிருக்கிற சொந்த வீட்டுக்காரர்கள். வாடகைக்கு இருப்பவன், மேம்பாலத்துக்குக் கீழே படுப்பவன், ஒடிசாவிலிருந்து வந்து குடோனில் தங்கியிருப்பவன் எல்லாரும் அதில் பேச்சுப் பொருள் மட்டும்தான்.

அதற்காக வாட்ஸ்அப்பை ஒரேயடியாகத் தள்ளிவிடச் சொல்லவில்லை. அட்மின் மட்டும் எழுதலாம் என்று ஓர் அமைப்பு இருக்கிறது, அதைப் போட்டுவிட்டால் அது நோட்டீஸ் பலகை மாதிரி ஆகிவிடும். ஆன்லைனில் பணம் போனால் உடனே 1930க்கு அடியுங்கள், 'டிஜிட்டல் கைது' என்று வீடியோ காலில் மிரட்டினால் சட்டத்தில் அப்படி ஒன்றே கிடையாது, பேங்க் லீவு நாளில் இந்த நம்பரிலிருந்து மெசேஜ் வருகிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல அதைவிட வேகமான வழி இல்லை. முகத்தையும் பெயரையும் மட்டும் போடக்கூடாது.

இப்போது கூட்டம். இதில்தான் எனக்கு ஆசையும் அதிகம், பயமும் அதிகம்.

தெருமுனைக் கூட்டம் எங்கள் பக்கத்துக்குப் புதிதில்லை. 1918இல் பின்னி மில் தொழிலாளர்களை வைத்து சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது பெரம்பூரில்தான். பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் வேலை விட்டு வந்த ஆட்களிடம் சாயங்காலம் பேசிப் பேசித்தான் அதை உண்டாக்கினார்கள். இப்போது சட்டமும் இடம் கொடுக்கிறது. வார்டு குழு, ஏரியா சபை இரண்டுக்கும் 2022இல் விதிகள் வந்தன. அந்த வருடம் நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று முதலமைச்சரே பம்மலில் ஓர் ஏரியா சபையில் வந்து உட்கார்ந்தார். கவுன்சிலர் தலைமை, மாநகராட்சி ஆட்கள் வருவார்கள். ஸ்டேஷனிலிருந்தும் ஒருவரை அழைத்து உட்கார வைத்துவிட்டால், நான் சொன்ன முதல் கேள்வி தீர்ந்தது.

சிகாகோவில் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தார்கள். 1993இல் ஐந்து காவல் மாவட்டங்களில் தொடங்கி, பிறகு நகரம் முழுக்கப் போனது. ஒவ்வொரு ரோந்துப் பகுதியிலும் மாதக் கூட்டம், அந்தப் பகுதி போலீஸ்காரரும் குடியிருப்பவர்களும் நேருக்கு நேர். அதில் எனக்குப் பிடித்தது, கூட்டத்தில் சொன்ன எரியாத விளக்கு, அநாதையாக நிற்கிற கார், பாழடைந்த வீடு எல்லாவற்றையும் நகர நிர்வாகத்தின் மற்ற துறைகள் முன்னுரிமை கொடுத்துச் செய்யும்படி கோர்த்துவிட்டார்கள். போலீஸையும் விளக்குக்காரரையும் ஒரே கயிற்றில் கட்டினார்கள். பலவீனமும் அங்கேயே தெரிந்தது. ஸ்பானிஷ் பேசும் மக்கள் கூட்டங்களுக்குக் குறைவாகவே வந்தார்கள். நமக்கு இன்னும் கிட்டே பார்த்தால் கேரளத்தின் ஜனமைத்ரி, 2008இல் தொடங்கியது. பீட் போலீஸ்காரர் வீடு வீடாகப் போய்ப் பழகுவார். அது நல்ல யோசனைதான், ஆனால் கவுன்சிலர் கையில் இல்லை, ஆகவே இந்தக் குறிப்பில் அதைச் சேர்க்கவில்லை.

போன வருடம் எங்கள் பக்கம் ஒரு கூட்டம் நடந்தது. கார்ப்பரேஷன் ஸ்கூல் வளாகம், நீலப் பிளாஸ்டிக் சேர், ஒரு டேபிள், டேபிளுக்கு ஒரு துணி. சால்வை போடுவதிலேயே இருபது நிமிஷம் போனது. அதிகாரி ஒருவர் பத்து நிமிஷம் போதையின் தீமை பற்றிப் பேசினார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் பேசுவது மாதிரியே எங்களுக்கும் பேசினார். கேள்வி கேட்கலாம் என்றதும் யாரும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் இட்லிக் கடை அக்கா ஒருவர் மைக்கை வாங்கி, சுரங்கப்பாதைப் படிக்கட்டில் சாயங்காலம் பசங்க உட்கார்ந்து என்ன செய்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும், ஸ்டேஷனுக்கு மட்டும் தெரியாதா என்று கேட்டுவிட்டார். கைத்தட்டல் இல்லை. எல்லார் தலையும் குனிந்தது. ஏனென்றால் அந்தப் பசங்களில் ஒருவனின் அம்மா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை இட்லி வாங்க வந்த ஒரு பையன் சிரித்துக்கொண்டே கேட்டானாம்: "இன்னாக்கா, நேத்து மைக்லாம் புடிச்சியாமே?" அவ்வளவுதான். அடிக்கவில்லை, மிரட்டவில்லை. அக்கா அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்துக்கும் வருவதில்லை.

ஆகவே கூட்டம் என்றால் எல்லாரையும் எழுப்பிப் பேச வைப்பது என்று நினைத்தால் இங்கே நடக்காது. பிடிபட வேண்டியவனும் பிடித்துக் கொடுப்பவனும் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிற இடம் இது. கூட்டத்தில் இடத்தையும் நேரத்தையும் பற்றி மட்டும் பேச வேண்டும், ஆளைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. ஆளைப் பற்றிச் சொல்ல வேறு வழி உண்டு. 100க்கும் 112க்கும் அடிக்கலாம், 'காவல் உதவி' ஆப் இருக்கிறது, பிள்ளைகள் விஷயம் என்றால் 1098. சால்வை கூடாது, மேடை கூடாது. வட்டமாக நாற்காலி. நேரம் ராத்திரி எட்டுக்கு மேல். துறைமுகத்திலும் குடோனிலும் வேலை பார்ப்பவர்கள் வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு வரட்டும். காலை பதினோரு மணிக்குக் கூட்டம் வைத்தால் ரிட்டையர் ஆனவர்களின் பாதுகாப்பு மட்டும்தான் பேசப்படும்.

சங்கத்தில் இதைப் பேசும்போது நடுவில் ஒருவர் எழுந்து, இளைஞர் குழு ஒன்று வைத்து அவர்களை ஸ்டேஷனுக்கும் தெருவுக்கும் பாலமாக விடலாம் என்றார். வேண்டாம். 1993இல் ராமநாதபுரத்தில் தொடங்கிய போலீஸ் நண்பர்கள் குழுவும் நல்ல எண்ணத்தில் வந்ததுதான். 2020இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் இறந்த சம்பவத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் அதற்குத் தடை வந்தது. தெருப் பையன் ஒருவனுக்குத் தொப்பி கொடுத்தால் மறுநாளே அவன் அரைப் போலீஸ்.

ஆட்டோவை மறந்துவிடவில்லை. அன்றாட எச்சரிக்கைக்கு அது வீண், பாட்டி கேட்ட கேள்வியே சாட்சி. ஆனால் 2023 டிசம்பர் 26 நள்ளிரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்தபோது ஜனங்கள் கண்ணெரிச்சலோடு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அந்த நேரத்தில் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று சொல்ல ஒரு ஸ்பீக்கர் எவ்வளவு உதவும்! மணலி முதல் எண்ணூர் வரை ஆலைகளை வைத்துக்கொண்டிருக்கிற நமக்குப் பாதுகாப்பு என்றால் செயின் பறிப்பு மட்டும் இல்லை. அதற்காகவே ஸ்பீக்கரைத் தனியாக எடுத்துவைக்க வேண்டும். நகையை மூடிக்கொள் என்று தினம் கத்தினால், ஓடு என்று சொல்கிற அன்று யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

கடைசியாக, யாரும் கேட்காமல் நானே சேர்த்த வழி: ரேஷன் கடைச் சுவரில் ஒரு கரும்பலகை. மாதம் ஒரு முறை ஐந்தாறு வரி. போன கூட்டத்தில் என்ன கேட்டார்கள், யார் பொறுப்பு, என்ன ஆயிற்று. 'சுரங்கப்பாதை விளக்கு 6: சரி செய்தது 4. மீதி 2, மாநகராட்சி மின் பிரிவு.' 'செல்போன் பறிப்புப் புகார் 3: வழக்குப் பதிவு 1.' இதுபோல. மாதிரிக்குத்தான் எழுதியிருக்கிறேன், உண்மைக் கணக்கு இல்லை.

இதைப் படித்ததும் சங்கத் தலைவர் முகம் மாறியது. எண்ணிக்கையைப் போட்டால் ஜனம் பயப்படும், ஏரியா பெயர் கெடும் என்றார். பெயர் ஏற்கெனவே கெட்டுத்தான் கிடக்கிறது. வேலைக்கு விண்ணப்பம் அடிக்க வருகிற பிள்ளைகள் முகவரியில் சொந்தக்காரர் வீட்டு விலாசத்தைப் போடச் சொல்வதை வாரம் ஒரு முறையாவது பார்க்கிறேன். எண்ணைச் சொல்லாவிட்டால் அந்த இடத்தை வதந்தி நிரப்பும். மூன்று என்று பலகையில் இருந்தால், குரூப்பில் முப்பது என்று எழுதுபவரிடம் நாம் திருப்பிக் கேட்கலாம்.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அது என் தொழிலில் கிடைத்த அறிவு. போன் பறிகொடுத்தவர்கள் புகார் அடிக்க என்னிடம் வருவார்கள். நான் 'இருவர் பைக்கில் வந்து பறித்துச் சென்றனர்' என்று அடித்துக் கொடுப்பேன். சிலர் அரை மணி நேரத்தில் திரும்பி வருவார்கள். "'தவறவிட்டேன்'னு மாத்தி அடிச்சுக் குடுங்க சார், அப்பதான் ரசீது தருவாங்களாம்." எந்த ஸ்டேஷன் என்று நான் எழுதப்போவதில்லை. தவறவிட்ட போனுக்குத் திருடன் கிடையாது, வழக்கு கிடையாது, கணக்கும் கிடையாது. ஊரே பறிகொடுத்திருக்கும், காகிதத்தில் ஊரே மறதிக்காரர்களாக இருக்கும். கூட்டத்தில் மூன்று பேர் வாய்விட்டுச் சொன்னது, பலகையில் மூன்று என்று ஏறிவிட்டால், அடுத்த மாதம் அதைத் 'தவறவிட்டது' ஆக்குவது கொஞ்சம் கஷ்டம்.

இன்ஸ்பெக்டர் மாறுவார். கவுன்சிலர் ஐந்து வருடத்தில் மாறுவார். வாட்ஸ்அப் குரூப்பில் போன மாதம் எழுதியதைத் தேட யாருக்குப் பொறுமை? புதிதாக வருகிற அதிகாரியிடம் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கதை சொல்லியே எங்களுக்கு அலுத்துப்போனது. பலகைக்குப் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்திலும் அதை எழுதி வைத்துவிட்டால், வருபவர் அதைப் புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

என் சிபாரிசு இதுதான். இரண்டாவது ஞாயிறு ராத்திரி எட்டரைக்குக் கூட்டம், கவுன்சிலர், மாநகராட்சி உதவிப் பொறியாளர், ஸ்டேஷனிலிருந்து ஓர் எஸ்.ஐ. மூன்று பேரில் ஒருவர் வராவிட்டாலும் அன்று கூட்டம் இல்லை. மறுநாளே பலகை. வாட்ஸ்அப் அட்மின் எழுதுவதற்கு மட்டும். ஆட்டோ ஆபத்துக்கு மட்டும். காசு என்று பார்த்தால் ஒரு பலகை, ஒரு டப்பா சாக்பீஸ், டீ. கவுன்சிலர் அம்மா படித்துவிட்டு, "மூணு பேரும் வரணும்னு எழுதியிருக்கீங்களே, அது என் கையில இல்லையே" என்றார். தெரியும் அம்மா, அதனால்தான் எழுதினேன் என்றேன். சிரித்தார். கையெழுத்து இன்னும் போடவில்லை.

சுவரைப் பார்க்க ரேஷன் கடைக்குப் போயிருந்தேன். விற்பனையாளர் தம்பி, ஆணி அடிக்க அனுமதி வாங்க வேண்டும் சார் என்று முதலில் இழுத்தார். பிறகு சுவரையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பலகைய கொஞ்சம் பெருசா வாங்குங்க. மேல பாமாயில், துவரம் பருப்பு எப்ப வரும்னு எழுதிக்கிறேன். அதப் பாக்க வர்றவங்க கீழ இருக்கறதையும் படிச்சிட்டுப் போவாங்க" என்றார். நான் நாலுக்கு மூன்று அடி என்று எழுதி வைத்திருந்ததை அடித்து, ஆறுக்கு நாலு என்று மாற்றினேன்.